நாற்பத்தேழாம் எண்ணின் புகைப்படம்

படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே வைப்பதா, வெளியே ஒரு ஃபோல்டரில் வைப்பதா என்று நேற்று நீங்கள் இரண்டு பேர் மதியச் சாப்பாட்டை மறந்து சண்டை போட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். சாப்பாட்டை மறக்கும் அளவுக்குச் சண்டை போடுகிறவர்கள்தான் இந்தத் தொழிலில் உருப்படுவார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற என்னைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வெளியே வைப்பதுதான் சரி. எத்தனை தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தச் சரியான காரியத்தைச் செய்துதான் நான் ஒரு பெண்ணை அவள் புகுந்த வீட்டிலிருந்து வெளியே அனுப்பினேன். அதைக் கேட்டுவிட்டு அப்புறம் சண்டையைத் தொடருங்கள்.

தஞ்சாவூரில் அப்போது வெப்சைட் செய்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான் அதில் ஒருத்தி. மாடியில் ஒற்றை அறை, இரண்டு கம்ப்யூட்டர், நிறையத் தலைக்கனம். ‘முடியாது’ என்று யாருக்கும் சொன்னதில்லை. அப்படித்தான் ரோசலின் அக்காவின் திருமணத் தகவல் நிலையம் என்னிடம் வந்தது.

ரோசலின் அக்கா அதற்குமுன் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். வேலையை விட்டதும் வீட்டின் முன் அறையில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கத்தோலிக்கர், லுத்தரன் என்று தனித்தனியாக இரண்டு பெரிய நோட்டு. எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு ஒத்துப்போகும் என்பது நோட்டில் இருக்காது, அவர் தலையில் இருக்கும். “நோட்டு கிழிஞ்சு போச்சும்மா. வெளிநாட்டுல இருக்கற பசங்கள்லாம் கம்ப்யூட்டர்ல காட்டுங்கன்றாங்க. செஞ்சு குடு” என்றார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அலுவலகக் கம்ப்யூட்டரில் முகவரிப் பட்டியல் வைத்துக்கொள்ளப் பயன்படும் சின்ன டேட்டாபேஸ் ஒன்றை எடுத்தேன். எல்லாமே ஒரே ஃபைலுக்குள் இருக்கும். அக்கா தன் மேஜையில் விவரங்களை அடிப்பார். சாயங்காலம் அந்த ஃபைலை அப்படியே சர்வரில் ஏற்றுவேன், சைட் அதிலிருந்து படித்துக்கொள்ளும். பெயர் போடமாட்டோம். எண், வயது, படிப்பு, மாவட்டம், புகைப்படம், அதன் கீழே ‘மணமகன் தேவை’ அல்லது ‘மணமகள் தேவை’. முதலில் புகைப்படங்களையும் அந்த ஃபைலுக்குள்ளேயேதான் திணித்தேன். ஐம்பது பேர் வரைக்கும் ஓடியது. அதற்குமேல் ஃபைல் ஊறவைத்த உளுந்து மாதிரி உப்பிக்கொண்டே போனது. ஒரு பக்கம் திறப்பதற்குள் எழுந்துபோய் ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்.

ஒரே நாளில் சரி செய்தேன். எல்லாப் படங்களையும் வெளியே எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் பதிவு எண்ணையே பெயராக வைத்தேன். நாற்பத்தேழாம் எண்ணைத் திறந்தால், நாற்பத்தேழு என்று பெயருள்ள படம் ஃபோல்டரில் இருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் வெற்றுக் கட்டத்தைக் காட்டு. அவ்வளவுதான். பக்கம் கண்மூடித் திறப்பதற்குள் வந்து நின்றது. அக்கா கைதட்டினார். எனக்குக் கால் தரையில் படவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்க மறந்த ஒரு கேள்வி உண்டு. ஒரு பதிவு எப்படி ஆரம்பிக்கிறது என்று அக்காவிடம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். விண்ணப்பம், தேவாலயத்தில் வாங்கும் பங்குக் கடிதம், போட்டோ என்று எல்லாம் எழுதிக்கொண்டேன். அது எப்படி முடிகிறது என்று கேட்கவில்லை. கல்யாணம் ஆனால் நீக்கிவிடுவார், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் பெண் வீட்டார் பத்திரிகையோடும் இனிப்போடும் வருவார்கள். அக்கா நோட்டில் அந்தப் பெயரின் மேல் ஒரு சிலுவை போட்டு, அந்த எண்ணை அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார். சும்மா இல்லை. பெற்றவர்களே கேட்டு வாங்குவார்கள். “சீக்கிரம் முடிஞ்ச நம்பரா பாத்துக் குடுங்கம்மா” என்பார்கள். நாற்பத்தேழு அந்த நிலையத்திலேயே ராசியான எண். அதற்காக இரண்டு குடும்பங்கள் ஒரு மாதம் காத்திருந்திருக்கிறார்கள். அக்காவுக்கு அது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விடுவதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா? என்னிடம் அவர் சொல்லவே இல்லை.

படம் டேட்டாபேஸுக்குள் இருந்தவரை இதனால் ஒரு தொந்தரவும் வரவில்லை. பழைய பதிவை அழித்தால் படமும் கூடவே போய்விடும். வெளியே எடுத்தபிறகு பதிவு போகும், படம் ஃபோல்டரிலேயே உட்கார்ந்திருக்கும். அதே எண்ணில் புதிதாக வருகிற பெண் படம் கொடுத்தால் பழைய படத்தின் மேல் அது ஏறிக்கொள்ளும், யாருக்கும் தெரியாது. படம் கொடுக்காவிட்டால்? எங்கள் ஊர்ப் பக்கத்தில் பாதிக் குடும்பங்கள் கொடுக்கமாட்டார்கள். “போட்டோவெல்லாம் நெட்ல வேணாங்க, நேர்ல காட்டுறோம்” என்பார்கள். எந்தக் குடும்பம் எப்போது அப்படிச் சொல்லும் என்று அந்தப் படம் காத்துக்கொண்டிருந்தது.

சம்பா நடவு நடந்துகொண்டிருந்த ஒரு காலை. அக்காவின் முன் அறையில் நான் உட்கார்ந்திருந்தபோது ஒருவர் வந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. பாபநாசத்துக்கு உள்ளே ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தார், பெயர் ஆரோக்கியசாமி. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நட்டவர். இவருக்குச் சொந்தமாக நிலம் இருக்கிறது. இவருடைய மகள் ஜெயசீலி கணக்கில் முதுகலை முடித்தவள், பள்ளி ஆசிரியை. ஆறு மாதத்துக்குமுன் அக்கா மூலமாகத்தான் அவளுக்குத் திருவாரூரில் கல்யாணம் முடிந்திருந்தது. அவளுடைய எண் நாற்பத்தேழு.

சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேஜைமேல் விரித்தார். எங்கள் சைட்டின் பக்கத்தை யாரோ பிரின்ட் எடுத்திருந்தார்கள். நாற்பத்தேழு. மணமகன் தேவை. ஜெயசீலி சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் படத்தைப் போட்டவங்க நீங்கதானாம்மா?” என்று என்னைக் கேட்டார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மாப்பிள்ளைக்கு ஒண்ணுவிட்ட அக்கா மன்னார்குடில இருக்கு. அது பையனுக்குப் பொண்ணு தேடுறப்ப பாத்துருக்கு. எடுத்துட்டு வந்து சம்பந்தியம்மாகிட்ட குடுத்துடுச்சு. அஞ்சு நாளாச்சும்மா, பொண்ணக் கொண்டாந்து எங்க வீட்ல விட்டுட்டுப் போயிட்டாங்க. ‘உங்க மக இன்னும் மாப்பிள்ளை தேடுறா போலருக்கு, வயசக்கூட மூணு கொறச்சுப் போட்டிருக்கா’ன்னு கேட்டுட்டாங்க. எம் பொண்ணு ஒரு வாய் சாப்பிடல.”

வயது குறையவில்லை. அது அதே எண்ணில், படம் கொடுக்காமல் புதிதாக வந்த வேறொரு பெண்ணின் வயது. படிப்பு பி.காம். என்று போட்டிருந்தது, அதுவும் அந்தப் புதுப் பெண்ணுடையதுதான். ஆனால் முகத்தைப் பார்த்த கண் எழுத்தை எங்கே பார்க்கும்? அந்தத் தாளைப் பார்த்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கை தானாக மவுஸுக்குப் போனது.

“ரெண்டு நிமிஷம் இருங்கய்யா, எடுத்துடறேன்” என்றேன்.

“எடுத்துடு, மொதல்ல அத எடுத்துடு” என்று அக்காவும் பதறினார்.

ஆரோக்கியசாமி மேஜைமேல் கையை வைத்தார். “எடுத்துட்டா? நாளைக்கு அவங்க வந்து பாப்பாங்க, படம் இருக்காது. மாட்டிக்கிட்டதும் அழிச்சுட்டாங்கம்பாங்க. அப்ப நான் என்னம்மா சொல்றது?”

தொழிலில் எனக்கு யாராவது ஒரு அறை கொடுத்துப் புத்தி சொன்னார்கள் என்றால் அது அவர்தான். நான் என் தவறு கண்ணில் படாமல் போகவேண்டும் என்று பார்த்தேன். அவர் தன் மகள் எப்படி மீள்வாள் என்று பார்த்தார். தவறை உடனே துடைத்துவிடுவது எப்போதும் திருத்துவது ஆகாது. அது எப்படி நடந்தது என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியும் அந்தத் துடைப்பில் போய்விடும். அதற்காக அந்தப் பெண்ணின் முகத்தை இன்னும் ஒரு மணி நேரம் ஊர் பார்க்க விடவும் முடியாது. சைட் முழுவதையும் இறக்கி, ‘இன்று செயல்படாது’ என்று ஒரு பக்கத்தை மட்டும் வைத்தேன். டேட்டாபேஸையும் ஃபோல்டரையும் ஒரு எழுத்துகூட மாற்றாமல் என் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டேன்.

அக்கா இன்னொரு யோசனை சொன்னார். நிலையத்தின் தாளில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்துக் கொடுத்துவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். அந்த இரண்டு வார்த்தையை நான் அன்றோடு விட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள். யாரோ ஒருவர் செய்ததுதான் கோளாறு. இங்கே நான் செய்தது. நேரில் போய்ச் சொல்வது என்று முடிவானது. ஆரோக்கியசாமி வரவில்லை. “நான் வந்தா பேச்சு தடிச்சுடும். வயல்ல ஆளுங்க நிக்கறாங்க” என்று கிளம்பிவிட்டார். நானும் அக்காவும் திருவாரூர் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில் அக்கா ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். அம்மாப்பேட்டை தாண்டியதும் திரும்பி, “நம்பர் குடுத்தது தப்பாம்மா? நாப்பத்தேழுல மூணு கல்யாணம் முடிஞ்சிருக்கு தெரியுமா?” என்றார். அவ்வளவு கவலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெயசீலியின் மாமியார் ஞானம்மாள், தபால் அலுவலகத்தில் கவுன்ட்டரில் இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்துகிற மாதிரிதான் பேசுவார். கணவன் அந்தோணிக்கு டிராக்டர் ஒர்க்‌ஷாப். வாய் திறக்காமல் கதவோரம் நின்றான். எங்களுக்குத் தண்ணீர் வந்தது, நாற்காலி வந்தது, முகத்தில் சிரிப்பு மட்டும் வரவில்லை.

நான் லேப்டாப்பைத் திறந்து, நடந்ததைச் சொன்னேன். எண் கைமாறியது, பதிவு போனது, படம் தங்கிவிட்டது. புதிய நாற்பத்தேழின் விவரங்களைக் காட்டினேன். வயது வேறு, படிப்பு வேறு, பதிவு செய்த தேதி ஜெயசீலியின் கல்யாணத்துக்கு நான்கு மாதம் கழித்து. ஞானம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“இதெல்லாம் வர்ற வழியில நீங்களே மாத்திக் கொண்டாந்துருக்கலாமே?” என்றார்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கேள்வி நியாயமானது. “ஆமாம்மா, மாத்தலாம். மாத்தறது ரொம்பச் சுலபம்” என்றேன்.

உண்மையை ஒப்புக்கொண்டது அவருக்குப் பிடித்ததோ என்னவோ, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “அப்ப அந்த நம்பர்ல யாரப் போட்டாலும் அவ படந்தான் வரும்ங்கற?”

“போட்டோ குடுக்காத யாரப் போட்டாலும் வரும்.”

“என்னப் போட்டா?”

“உங்களப் போட்டாலும் வரும்மா.”

“போடு பாப்போம்.”

யோசிக்கவே இல்லை. எடுத்து வந்த பிரதியில் நாற்பத்தேழைக் காலி செய்து அவரையே கேட்டுக் கேட்டு அடித்தேன். வயது அறுபத்தொன்று. படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. திருவாரூர் மாவட்டம். பக்கத்தைத் திறந்தேன். வயது அறுபத்தொன்று, மணமகன் தேவை, மேலே ஜெயசீலி பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கதவோரத்திலிருந்து ‘பொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அந்தோணியால் அடக்கமுடியவில்லை.

“சிரிக்காதடா” என்றார் ஞானம்மாள், திரும்பாமலேயே. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார். தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, “வீட்டு நம்பர் அதேதான், குடியிருக்கற ஆளு மாறிடுச்சு. பழைய ஆளுக்கு வர்ற தபாலு அதே வீட்டுக்கு வந்துகிட்டிருக்கு. முப்பது வருஷம் இதத்தான பாத்தேன்” என்றார். நான் அரை மணி நேரமாக விளக்கியதை அவர் இரண்டு மூச்சில் சொல்லிவிட்டார்.

பிறகு நிமிர்ந்தார். “யாரு தப்பு இது?”

“என் தப்பும்மா.”

“நம்பரத் திருப்பிக் குடுத்தது இந்தம்மாதான?”

“அவங்க குடுக்கலாம். அந்த நம்பரையே படத்துக்குப் பேரா வெச்சது நான். திருப்பிக் குடுப்பாங்களான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்கல.”

அக்கா என் கையை அப்போது இறுக்கிப் பிடித்ததில் வளையல் அழுந்தியது. சரியான இடத்தில் தவறை ஒப்புக்கொள்வது எனக்குப் பயத்தைத் தரவில்லை, தெம்பைத்தான் தந்தது. கூட வந்தவர் மேல் பாதியைத் தள்ளிவிட்டிருந்தால், அந்த வீட்டில் அப்புறம் நான் சொன்ன எதையும் நம்பியிருக்கமாட்டார்கள்.

“போயி அவளக் கூட்டிட்டு வா” என்றார் ஞானம்மாள் மகனிடம். அந்தோணி என்னைப் பார்த்து, “நீங்க மொதல்ல போன்ல சொல்லிடுங்கக்கா” என்றான். பயம் அவனுக்கு. ஸ்பீக்கரில் போட்டு ஜெயசீலியைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குப் பின்னால் நடவாட்கள் பேசுகிற சத்தம் தூரத்தில் கேட்டது.

“நீங்க தப்புப் பண்ணீங்க, வந்து சொல்லிட்டீங்க. அது முடிஞ்சுதுக்கா” என்றாள். “அந்தப் பேப்பர நம்பினாங்க. இப்ப உங்க லேப்டாப்ப நம்புறாங்க. நடுவுல அஞ்சு நாளு நானும் இருந்தேன். ‘இது என்ன ஜெயா’ன்னு என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கலக்கா.”

அந்தோணி உள்ளே போனான். சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, யாரையும் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினான். அவன் கேட்டதும் அவள் உடனே வந்துவிடவில்லை. நடவு முடியட்டும் என்று மூன்று நாள் அவனை மாமனார் வீட்டிலேயே காக்க வைத்தாள் என்று பின்னால் தெரிந்தது. எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இனி உங்கள் சண்டைக்கு வருகிறேன். படங்களை நான் மறுபடி டேட்டாபேஸுக்குள் திணிக்கவில்லை. அப்படிச் செய்வது பயந்துபோனவர்கள் செய்கிற வேலை. அக்காவின் ராசி எண்ணையும் ஒழிக்கவில்லை. அது அவருடைய வாடிக்கையாளர்களின் நம்பிக்கை, எனக்கு அதில் என்ன வேலை? ஒவ்வொரு பதிவுக்கும் யார் கண்ணுக்கும் தெரியாத இன்னொரு எண்ணை உள்ளே கொடுத்தேன். ஒருமுறை கொடுத்தால் கொடுத்ததுதான், அது மறுபடி யாருக்கும் போகாது. படத்துக்கு அந்த எண்தான் பெயர். பதிவு போனால் படமும் போகும்படி எழுதினேன். இதெல்லாம் அரை நாள் வேலை. அதற்குப்பின் எந்த வேலையை எடுத்தாலும், ‘இது முடிஞ்சா என்ன பண்ணுவீங்க?’ என்பதுதான் என் முதல் கேள்வி. ஆஸ்பத்திரியிலும் கேட்டேன், அரிசி ஆலையிலும் கேட்டேன். ஒவ்வொரு இடத்திலும் நான் நினைத்தே பார்க்காத ஒரு பதில் வந்தது.

ஒரு மாதம் கழித்து ஜெயசீலியும் அந்தோணியும் என் மாடி அறைக்கு வந்தார்கள். “என் படத்த அழிச்சுட்டேன்னு சொன்னா நம்பமாட்டேன், என் கண்ணு முன்னாடி அழிங்க” என்றாள். கணக்கு டீச்சர் அல்லவா. ஃபோல்டரில் இருந்தது போயிற்று என்று காட்டினேன். சைட்டுக்காகச் சின்னதாக்கி வைத்திருந்த பிரதியையும் காட்டி நீக்கினேன். பாதுகாப்புக்கு எழுதிவைத்த சி.டி.யை அவளே உடைத்தாள். திருவாரூருக்கு எடுத்துப்போன லேப்டாப்பில் கடைசியாக ஒரு படம் இருந்தது.

“அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிரின்ட் போட்டுக் குடுங்கக்கா. நான் நல்லா விழுந்த படம் அது ஒண்ணுதான்” என்றாள். போட்டுக் கொடுத்தேன். கைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, படத்தைத் தேர்ந்து, தானே நீக்கும் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் சின்னப் பெட்டி ஒன்று வந்து, ‘நிச்சயமாக நீக்கலாமா?’ என்று ஆங்கிலத்தில் கேட்டது.

ஜெயசீலி அதைப் படித்தாள். கையை எடுத்துவிட்டு, பின்னால் நின்ற அந்தோணியைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாத்தீங்களா, இதுகூட ஒரு வார்த்தை கேக்குது” என்றாள்.

அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்கிறவரைக்கும் அவள் காத்திருந்தாள். அப்புறம்தான் ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.